செம்பவாங்கில் வேகாத முட்டை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் சொந்த ஊருக்கே சுற்றுலா போனேன். காரணம் ஷர்மிளா. எங்களுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. மறுவாரம் வீவக எனும் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு என் ஊரான செம்பவாங்கைத் தவிர வேறு இடம் தோன்றவே இல்லை. லிட்டில் இந்தியாவில் பிறந்து வளர்ந்த அவளோ, "அது ஒரே உலுலா. ஒரு மல்லிப்பூ வாங்கக்கூட ட்ரெயின் ஏறணும்" என்றாள். உலு என்றால் ஆள் அரவமற்ற பட்டிக்காடு என்று இங்கே அர்த்தம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரு நாள் வந்து பாரு. அப்பவும் வேணாம்னா, நீ சொல்ற எடத்துக்கே அப்ளை பண்ணுவோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

காலை எட்டு மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறி, அடுத்த நிறுத்தமான நியூட்டனில் வடக்கு தெற்குப் பாதைக்கு மாறினோம். செம்பவாங் வந்து சேர ஏறக்குறைய நாற்பது நிமிடம். பயண அட்டையில் இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு டாலர், சொச்சம் பிடித்தது. நிலையத்தை ஒட்டிய முனையத்தில் 882 பேருந்தில் ஏறினால் கடற்கரைப் பூங்கா வரை போகலாம்.

ஜன்னல் பக்கம் அவளை உட்கார வைத்துவிட்டு நான் ஆரம்பித்தேன். இரு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் குடை பிடிக்கும் சாலை இது. ஊரின் பெயரே ஒரு மரத்தின் பெயர்தான். பிரிட்டிஷார் இங்கே கடற்படைத் தளம் கட்டியபோது தங்கள் பேரரசின் ஊர்ப் பெயர்களையெல்லாம் தெருக்களுக்கு வைத்தார்கள்: கான்பரா, வெலிங்டன், டர்பன், மொண்ட்ரியல். அந்தத் தளத்தில் உழைத்த தமிழர்கள் ஏராளம். பின்னாளில் அங்கு வந்த கப்பல் பட்டறையில் என் அப்பா வெல்டர். அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

படகுத்துறையில் நின்றால் எதிரே அண்டை நாட்டு ஜோகூர், கூப்பிடு தூரத்தில். தூண்டில்காரர்கள், காற்று, உப்பு வாசனை. ஷர்மிளா கம்பியில் சாய்ந்து கடலைப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா எனக்கு வேல சாங்கில. மார்னிங் ஷிப்டுக்கு எத்தன மணிக்கு எந்திரிக்கிறதாம்?"

அவள் வேலை பார்ப்பது தீவின் கிழக்குக் கோடியில் இருக்கும் விமான நிலையச் சரக்குப் பிரிவில். வாடகைக் காரைக் கூப்பிட்டு, கடைசி அஸ்திரமான வெந்நீரூற்றுக்கு அழைத்துப் போனேன்.

கம்பாஸ் அவென்யூவில் இருக்கிறது அது. நுழைவு இலவசம், காலை ஏழு முதல் மாலை ஏழு வரை. ஒரு காலத்தில் இந்த நீரைப் புட்டியில் அடைத்து விற்றார்கள். இப்போது மக்கள் முட்டையோடு வருகிறார்கள். குழாயில் வெந்நீர் பிடித்து, முட்டையைப் போட்டு, காலையும் நனைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவது எங்கள் வழக்கம். நானும் வாளியில் நீர் பிடித்து நாலு முட்டையைப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து வரலாற்றைத் தொடர்ந்தேன். வாய் ஓயவில்லை. அரை மணி கழித்து ஒன்றை உடைத்தால் வெள்ளைக்கரு வழிந்து என் கால்சட்டையில் கொட்டியது.

"ஊர்க்காரராம்!" ஷர்மிளா விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்தில் இருந்த மலாய் மாது ஒருவரும் சிரித்துவிட்டு, ஆறிய நீரைக் கொட்டிப் புதிதாகப் பிடிக்கும்படி சைகை காட்டினார். அதன் பிறகு வாளி ஷர்மிளா வசம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நீரை மாற்றினாள். வெந்ததும் அந்த மாதுக்கு ஒரு முட்டை கொடுத்து அவரிடமிருந்து குவே என்ற மலாய்ப் பலகாரம் ஒரு துண்டு வாங்கிக்கொண்டாள்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முட்டை, உப்பு, வாளி, துண்டு எல்லாம் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். வெயில் ஏறுமுன் போவது நல்லது. நீர் கொதிக்கக் கொதிக்க வரும். கால் வைக்குமுன் பதம் பாருங்கள். குழந்தைகளிடம் கவனம்.

நாங்கள் கிளம்பும் நேரம், ஜூரோங்கிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் முட்டை வேகவில்லையே என்று விழித்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஷர்மிளா அவர்கள் வாளியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"தண்ணிய மாத்திக்கிட்டே இருக்கணும்கா. எங்க ஊர்ல இப்படித்தான்."

'எங்க ஊர்' என்கிறாள்! வாரம் பிறந்ததும் செம்பவாங்குக்கே விண்ணப்பித்தோம்.