மூன்று ஆறு கூடும் ஊரில் சொன்ன பொய்

சந்தேகம் என் கூடப் பிறந்தது. டெக்சஸில் நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவில் யாராவது புதிதாக வந்து சிரித்துப் பேசி வீட்டுக்குக் காபி சாப்பிடக் கூப்பிட்டால், எதை விற்கப் போகிறார்கள் என்றுதான் முதலில் யோசிப்பேன். பாதி நேரம் அது சரியாகவும் இருந்திருக்கிறது.

கணவரின் அறுபதாம் கல்யாணத்துக்காக மகள் எங்களுக்கு டானூப் நதியில் கப்பல் பயணம் புக் பண்ணிக் கொடுத்தாள். கலிஃபோர்னியா பே ஏரியாவில் தனியாக இருக்கிறாள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுவாள். அவளுக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை கிடையாது. ஆனால் கோயிலில் அவளைப் பற்றித் துருவுகிற ஆன்ட்டிகளைக் கண்டாலும் எனக்கு ஆகாது. "இந்தக் கப்பல்தான், இந்த வாரம்தான், மாத்தாதீங்க" என்று அவள் பிடிவாதம் பிடித்தபோதே எனக்கு என்னவோ போலிருந்தது.

இரண்டாம் நாள் காலை கப்பல் பாஸாவ் என்ற ஜெர்மன் ஊரில் நின்றது. ஆளுக்கொரு காதுக்கருவியைக் கொடுத்து, ஒரு வழிகாட்டிப் பெண்ணின் பின்னால் எங்களை அனுப்பினார்கள். இறங்கும் பாலத்திலேயே எங்கள் வயதில் ஒரு தமிழ்த் தம்பதி நேராக எங்களிடம் வந்தது. வெளியூரில் இன்னொரு தமிழரைப் பார்த்தால் நம் ஆட்கள் சட்டென்று செல்போனைப் பார்ப்பார்கள். இவர்கள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள்.

"டெக்சஸ்ங்களா? நாங்க நியூ ஜெர்சிங்க, பிஸ்கட்டவே" என்றார் அந்த அம்மா.

"டெக்சஸ்னு எப்படித் தெரியும்?" என்று கணவர் காதில் கிசுகிசுத்தேன்.

"என் தொப்பியில எழுதியிருக்கு" என்றார் அவர்.

சரி, அது தொப்பி. ஆனால் மதியச் சாப்பாட்டில் நடந்ததற்கு என்ன சொல்வது? கடைத்தெருவில் ஒரு சிறிய உணவகத்தில் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சூப் வந்ததும், நான் வாய் திறப்பதற்குள், பரிமாறுகிறவரிடம் என்னைக் காட்டி, இவருக்குக் காளான் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னார். காளான் எனக்கு ஆகாதுதான். ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டேன்.

"சும்மா, ஒரு ஊகந்தானுங்க" என்று தண்ணீரைக் குடித்தார். புரையேறியது.

ஃபிரிஸ்கோவில் யாரிடமோ எங்களைப் பற்றி நன்றாக விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். கணவரிடம் சொன்னால், "உனக்கு ஊர் சுத்திப் பாக்கவே தெரியாதா?" என்றார். அவர் டவுன்ஹால் சுவரில் பழைய வெள்ளம் எதுவரை ஏறியது என்று போட்டிருந்த கோடுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மூன்று ஆறுகள் கூடும் முனைக்குப் போனோம். ஒரு நீர் கருப்பு, ஒன்று பச்சை, ஒன்று கலங்கல். கொஞ்ச தூரம் ஒட்டாமல் பக்கம் பக்கமாகவே ஓடுகின்றன.

"நம்ம பவானி கூடுதுறையாட்டம் இருக்குதுங்க" என்றார் அந்த அம்மா. நானும் அந்தப் பக்கம்தான். ஒரு கணம் மனசு இளகியது உண்மை.

உடனே அடுத்த கேள்வி. "உங்க குலதெய்வம் எந்த ஊருங்க?"

வழிகாட்டி காதுக்குள் ரோமானியர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எதுவும் ஏறவில்லை. எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியை யாரும் பக்திக்காகக் கேட்பதில்லை. ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி, பெண் கொடுத்துப் பெண் எடுக்க முடியாது. வேறு என்றால் மேற்கொண்டு பேசலாம். என் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதுவும் விசாரித்து வைத்திருப்பார்! எனக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது. இப்படி வருகிறவர்களை விரட்ட நான் வழக்கமாகச் சொல்லும் பொய்யை எடுத்துவிட்டேன்.

"எங்க பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சுங்க. தை மாசம் கல்யாணம்."

அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. "எப்பங்க?" என்று மட்டும் கேட்டார். "போன மாசம்" என்றேன், கொஞ்சமும் கூசாமல். அவர் தன் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றுலாவைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிப் போனார். எனக்குப் பரம திருப்தி. தேவாலயத்தில் ஆர்கன் கச்சேரியை நிம்மதியாகக் கேட்டேன்.

கப்பல் அறைக்குத் திரும்பியதும் மகளிடமிருந்து போன். கலிஃபோர்னியாவில் அப்போதுதான் விடிந்துகொண்டிருக்கும்.

"அம்மா, ஹூ ஆம் ஐ எங்கேஜ்ட் டு?"

அழுதுகொண்டிருந்தாள். பிஸ்கட்டவே தம்பதியின் மகனும் இவளும் இரண்டு வருடமாகப் பழகுகிறார்களாம். அவன் தன் பெற்றோரிடம் சொல்லிவிட்டான், இவள் எங்களிடம் சொல்லவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்துதான் இரண்டு குடும்பத்தையும் ஒரே கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள்.

"யூ டோன்ட் ட்ரஸ்ட் எனிபடி, அம்மா. முதல்ல நீ அவங்கள லைக் பண்ணணும்னு நெனச்சேன். ஆன்ட்டி இப்ப அவனுக்கு கால் பண்ணி, நான் அவன சீட்டிங் பண்ணிட்டேன்னு சொல்றாங்க. அவன் என்னை நம்பறான். அவங்க நம்பல."

எனக்குக் கோபம் வந்தது, வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. எங்களிடம் மறைத்ததற்குத் திட்டலாமென்று வாயெடுத்தேன். கணவர் போனை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

அவர்கள் அறை மேல்தளத்தில் இருந்தது. தட்டினேன். அந்த அம்மாதான் திறந்தார். கண் சிவந்திருந்தது. உள்ளே வரச் சொல்லவில்லை.

"நிச்சயமெல்லாம் ஆகலைங்க. நான் சொன்னது பொய். எம் பொண்ணு யாரையும் ஏமாத்தல."

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"உங்களை நம்பலைங்க."

கதவிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார். "இப்ப நம்பறீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். இன்னொரு பொய்க்கு எனக்குத் தெம்பில்லை.

"இன்னும் முழுசா நம்பிக்கை வரலைங்க."

அவர் கதவை அகலத் திறந்தார். "எனக்கும்தானுங்க. உள்ள வாங்க, உட்கார்ந்து விசாரிக்கலாம்."