இம்மானுவேல் முதலில் கழற்றிய நான்கு ஒயர்கள்

இம்மானுவேல் சமயநல்லூர்க்காரன். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். ஹரிராமின் போட்டோ ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான் அவனைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். ஹரிராம் அவனுக்கு ஒருநாளும் நாற்காலி போட்டதில்லை. அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து உட்காருவான். 'ஒயர் மாட்டுற பய' என்பதுதான் அவர் அவனுக்கு வைத்த பெயர். பெரிய மனுஷராம்!

ஸ்டூடியோவின் பெரிய கம்ப்யூட்டரில் ஐந்து ஹார்ட் டிஸ்க். ஒன்றில் மெஷினை ஓட வைக்கும் சிஸ்டம் மட்டும். மற்ற நான்கையும் ஒன்றாகச் சேர்த்து, ஐந்து வருடக் கல்யாணப் படங்களை அதில் போட்டிருந்தார்கள். வருடக்கணக்கில் ஓடித் தேய்ந்த சிஸ்டம் டிஸ்க், நிறுத்தினால் மறுபடி சுற்றாது, முதலில் மாற்றுங்கள் என்று இம்மானுவேல் தலைபாடாய் அடித்துக்கொண்டான். கேட்பாரா? 2007 ஆயுத பூஜைக்கு மெஷினுக்கும் ஓய்வு கொடுக்க வேண்டுமென்று ஸ்விட்சை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து மாலையும் போட்டார். மறுநாள் ஸ்விட்சைத் தட்டினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வந்தது.

சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் அவர் தங்கை மகன் விஜய்ஆனந்த் லீவுக்கு வந்திருந்தான். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, எல்லாம் போச்சு, ஐந்தையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடலாம் என்றான். ஹரிராமும் தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்து என் கடைக்குச் சரண்யாதேவி கோர்ட்டுக் காகிதங்களோடு வந்தாள். சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் பெண், இடுப்பில் குழந்தை. தான் தாலியே கட்டவில்லை என்று புருஷன் சாதிக்கிறான். ஆல்பத்தை அவன் வீட்டார் கொளுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் வாய்தா. கல்யாணத்துக்குப் படமெடுத்தது ஹரிராம்தான் என்று தெரிந்து உள்ளே கூட்டிப்போனேன். படமெல்லாம் போயிருச்சு, கோர்ட்டுல வாயால சொல்லிக்கோ என்றார் அவர். த்தூ! உடனே இம்மானுவேலுக்குப் போன் போட்டேன்.

அவன் வந்தபோது விஜய்ஆனந்த் கையில் விண்டோஸ் சிடி. இம்மானுவேல் மெஷினைத் திறந்து, முதலில் படங்கள் இருந்த நான்கு டிஸ்க்குகளின் ஒயரையும் கழற்றினான்.

"செத்தது சிஸ்டம் டிஸ்க் மட்டுந்தான். நீங்க அந்த சிடியப் போட்டா உசுரோட இருக்குற நாலையும் சேத்துல்ல பொதைப்பீக" என்றான்.

பழைய சிஸ்டம் இல்லாமல் இந்த நான்கும் ஒரே கூட்டம் என்று மெஷினுக்கு எப்படித் தெரியும் என்று விஜய்ஆனந்த் மடக்கினான். அது ஒவ்வொரு டிஸ்க்கிலும் எழுதியிருக்கிறது என்றான் இம்மானுவேல். சம்பளம் வாங்குகிற மகராசனுக்கு அது தெரியவில்லை. இம்மானுவேல் புது டிஸ்க் ஒன்றை மாட்டி, அதில் முன்பிருந்த லினக்ஸ் சிஸ்டத்தையே ஏற்றி, மெஷினை அணைத்து நான்கு ஒயரையும் திரும்பச் செருகினான். ஏதோ இரண்டு வரி தட்டினான். வருடவாரியாகப் படங்கள் வந்து நின்றன.

'நம்ம மெஷினு அம்புட்டு ஸ்ட்ராங்கு' என்று ஹரிராம் மீசையைத் தடவினார். வெட்கம் என்பது சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது.

தாலி கட்டும் படத்தை இம்மானுவேல் இரண்டு பிரிண்ட் போட்டான். மாப்பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். ஹரிராம் எட்டிப் பார்த்து, இதைக் காட்டிச் சமாதானமாகி அவனோடயே போய் வாழும்மா என்று உபதேசம் செய்தார்.

சரண்யாதேவி படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு அவன் வேணாம்ணே. நாளைக்கு எம்மகளப் பாத்து ஒருத்தனும் ஒங்கப்பன் யாருன்னு கேக்கப்படாது. அதுக்குத்தேன் இந்தப் படம்."