பெரிய கிராணியின் நன்றியுரைக்கு வாசித்த ஜாஸ்

1. கடைவீட்டு ஸ்டுடியோ

நான் முதன்முதலில் போன ஸ்டுடியோ மலாக்காவில் ஒரு கடைவீட்டு மாடி. தெருச் சத்தம் வராமலிருக்க ஜன்னலில் கோணிச் சாக்கு கட்டியிருந்தார்கள். உள்ளே அடுப்படி மாதிரி வெக்கை.

அது முப்பதுகள். நாங்கள் ஐந்து பேர் பாயா ரும்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவோம், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுப்போம். சனிக்கிழமை துரைமார் கிளப்பில் ஜாஸ் வாசிப்போம். நான் டிரம்ஸ். டிரம்பெட் ஆரோக்கியம்தான் லீடர். சிங்கப்பூர் ஹோட்டல் மானேஜர் ஒருவர், ரெக்கார்டு அனுப்பினால் கேட்டுவிட்டு ஐவருக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். தோட்டத்தை விட்டு வெளியேற எங்களுக்கிருந்த ஒரே வழி அது.

லீவு கொடுத்தவர் தோட்டத்து ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி. அவரை அழைக்காமல் இருக்க முடியுமா? கோட்டு, தலைப்பாகை, மாலையோடு வந்தார். மாலையையும் அவரே வாங்கி வந்திருந்தார்.

பாட்டைப் பதிவதற்கான மெழுகுத் தட்டுகள் வெக்கையில் இளகி, ஒன்றுதான் மிஞ்சியது. மூன்று நிமிஷம் ஓடும். சிவப்பு பல்பு எரியும்போது இருமக்கூடக் கூடாது என்று வெள்ளைக்கார ரெக்கார்டிங்காரர் சைகையில் சொன்னார்.

2. சிவப்பு பல்பு

பல்பு எரிந்தது. ஆரோக்கியம் மூச்சை இழுத்தான். அதற்குள் கிராணி மைக் முன்னால் போய் நின்றுவிட்டார். எங்கள் தோட்டத்தில் கல்யாணமோ கருமாதியோ, அவர் பேசாமல் எதுவும் தொடங்காது.

"சபையோர்களே! இந்த நல்ல நேரத்துல நம்ம பெரிய தொரைக்கு நன்றி. தொரசானி அம்மாவுக்கு நன்றி. அவங்க நாய்க்குட்டிக்கும்..."

நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தால் தட்டு பாழ். ரெக்கார்டிங்காரருக்குத் தமிழ் தெரியாது. பாட்டு என்று நினைத்துத் தலையாட்டினார். எனக்கு அழுகையே வந்தது. ஆரோக்கியம் பொறுக்க முடியாமல் ஊத ஆரம்பித்தான். நாங்களும் சேர்ந்துகொண்டோம். கிராணி அசரவில்லை. கங்காணி, ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், லாரி டிரைவர் என்று எங்கள் தாளத்திலேயே நன்றியை அடுக்கினார். பல்பு அணைந்தது.

"என்னங்கையா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றான் ஆரோக்கியம்.

"ஒம் பேரச் சொல்லலன்னு வருத்தமா? இரு லா, அடுத்த தட்டுல சொல்லிடுறேன்."

3. பதில்

வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினோம். மானேஜரும் வெள்ளைக்காரர்தான். பாட்டுக்காரரின் பாணி புதுமையாக இருக்கிறது, அவரை உடனே அனுப்புங்கள், வாத்தியக்காரர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

பிரிவுபசார விழாவில் நாங்கள்தான் வாசித்தோம். கிராணி நன்றி சொன்னார். இந்த முறை எங்கள் ஐவர் பெயரையும் மறக்கவில்லை. மறுநாள் அவர் ரயிலேறினார். நாங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் வெட்டப் போனோம்.

தம்பிகளே, லீவு கொடுத்தவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அதை ஸ்டுடியோ வாசலிலேயே சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போங்கள்.