இடப்பக்கம் அமுங்கும் கார்

தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் ஓடிய கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனை கார்களும் சிலுவை மேஸ்திரியிடம் ஒரு தடவையாவது ஏச்சு வாங்கியவைதான். மனுஷரை அவன் ஏசமாட்டான். காரைத்தான் ஏசுவான். "மூதேவி, எங்கன வலிக்கின்னு வாயத் திறந்து சொன்னா கொறஞ்சா போயிருவ?" என்று கேட்டுக்கொண்டே அடியில் நுழைவான். நுழைந்தால் காரணத்தோடுதான் வெளியே வருவான். அவனிடம் போய் யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால் போதும், எந்த நட்டு கழன்றிருக்கிறது என்று பார்க்கத் துப்பில்லாதவன்தான் பேயைக் கூப்பிடுவான் என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவான், செபமாலை சொல்லுவான், ஆனால் இந்தப் பேச்சு மட்டும் அவனுக்கு ஆகாது.

அப்பேர்ப்பட்ட ஆள் ஒரு காருக்கு முன்னால் ஈரக்குலை நடுங்க நின்றான் என்றால் நம்புவீர்களா? நின்றான். ஜெர்மன்காரன், ஜப்பான்காரன் சண்டை முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஐப்பசி மாதம், கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

கார் சிவனணைந்தபெருமாள் முதலாளியுடையது. சங்கும் முத்தும் வாங்கி விற்கிறவர். காருக்கு அப்போதே நல்ல வயசு. கடற்கரைக் காற்றில் உப்பைத் தின்று தின்று அடிப்பாகம் முழுக்கத் துரு. முன்பக்கம் இடது சக்கரத்துப் பக்கமாக அமுங்கி நிற்கிறது என்று முதலாளி ஆள் அனுப்பினார். சிலுவை போய்ப் பார்த்தான். இடது ஸ்பிரிங்கில் அடுக்கியிருந்த பட்டைகளில் ஒன்று துருவேறி விரிசல் விட்டிருந்தது. அதைக் கழற்றி, வேறு பட்டை வைத்து முறுக்கினான். மாலையில் பார்த்தால் கார் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. முதலாளி வீட்டில் ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டுத் திருப்தியாகப் போனான்.

மறுநாள் விடிந்ததும் டிரைவர் செந்தில்வேல் ஓடி வந்தான். கார் மறுபடியும் அதே பக்கம் அமுங்கி நிற்கிறதாம். ராத்திரி யாரும் ஷெட்டைத் திறக்கவில்லையாம். பூட்டு பூட்டினபடி இருக்கிறதாம். சிலுவைக்கு ரோஷம் வந்துவிட்டது. ஸ்பிரிங்கைத் தாங்குகிற ஊசிகளைத் துரு பிடித்துக்கொண்டால் கார் உடனே அமுங்காது, ராத்திரி முழுக்க மெள்ள மெள்ள இறங்கும், அதுதான் விஷயம் என்றான். ஊசிகளை உருவித் தேய்த்துக் கிரீஸ் வைத்தான். அதோடு விடாமல் இடது ஸ்பிரிங்கை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றிப் போட்டான். கோளாறு ஸ்பிரிங்கில் என்றால் நாளைக்கு வலப்பக்கம் அமுங்க வேண்டும். இது அவன் எப்போதும் செய்கிற சோதனை, ஒரு நாளும் தப்பினதில்லை.

விடிந்தபோது இடப்பக்கமே அமுங்கியிருந்தது.

இந்தத் தடவை செந்தில்வேல் ஓடி வரவில்லை. மெதுவாக வந்தான், முகத்தைப் பார்க்காமல் பேசினான். பகலில் வெளியே எடுத்தால் நேராக நிற்கிறது, ராத்திரி ஷெட்டில் விட்டால் விடிவதற்குள் இடப்பக்கம் இறங்கிவிடுகிறது என்றான். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு அந்த இடப்பக்கம்தான். "அது காவக்காரரு சீட்டுல்லா மேஸ்திரி" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். மேலே ஒரு வார்த்தை பேசியிருந்தால் சிலுவை அடித்திருப்பான்.

ஏனென்றால் முன்பு முதலாளி வீட்டில் இருந்த அந்தக் காவல்காரன் இனிகோ. சிலுவையின் கூடப்பிறந்த அண்ணன்.

நாற்பத்திரண்டில் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான் என்று சேதி வந்ததும் தூத்துக்குடியே கிடுகிடுத்துப் போயிற்று. அடுத்தது நாம்தான் என்று வீட்டை வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜனங்கள் உள்நாட்டுக்கு ஓடினார்கள். முதலாளி குடும்பம் விளாத்திகுளத்துக்குக் கிளம்பியது. காரில் ஆளும் பெட்டியுமாக ஏற்றி ஏற்றி, ஸ்பிரிங் தட்டையாகிவிட்டது. வழியனுப்ப வந்த சிலுவை குனிந்து பார்த்துவிட்டு, ஒரு ஆளையும் ஒரு பெட்டியையும் இறக்கினால்தான் கார் போய்ச் சேரும் என்றான். முன்சீட்டிலிருந்து இனிகோ எழுந்தான். "நான் இறங்கிக்கிடுதேன் முதலாளி, வண்டி அமுங்குது" என்று சொல்லி இறங்கினான். வெள்ளிச் சாமான் வைத்திருந்த இரும்புப்பெட்டியும் அவனோடு இறங்கிற்று. அது வீட்டோடு பத்திரமாக இருக்கட்டும், ரெண்டு நாளில் வண்டி அனுப்புகிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

ரெண்டு நாள் ரெண்டு வாரமாகி, நடுவில் ஒரு பேய்மழையும் பெய்து ஓய்ந்த பிறகுதான் ஆள் வந்தது. வீடு பூட்டிக் கிடந்தது. இனிகோவைக் காணோம். பெட்டியையும் காணோம். தோணியேறிக் கொழும்புக்குப் போய்விட்டான் என்று ஊர் சொல்லிற்று. அங்கே கோட்டும் தொப்பியுமாகப் பார்த்தேன் என்றுகூட ஒருவன் சத்தியம் பண்ணினான். சிலுவை அதை நம்பினான். நம்பியது மட்டுமல்ல, அண்ணன் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டான்.

திரேஸ்புரத்தில் கருவாடு விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்த அண்ணன் மனைவி பிளாரன்ஸ்தான் ரெண்டுங்கெட்டானாக நின்றாள். தாலியைக் கழற்ற முடியாது, புருஷன் செத்ததாகத் தகவல் இல்லை. வருகிற கல்லறைத் திருநாளில் எல்லாரும் தங்கள் செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும்போது அவளுக்கு ஏற்ற ஒரு குழி இல்லை. கருவாடு வாங்க வருகிறவளுக்கு விலை படியாவிட்டால், கள்ளன் பெண்டாட்டிக்கு இவ்வளவு வாயா என்று சொல்லிவிட்டுப் போவாள். அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கார் விஷயம் எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் காலையில் சிலுவை ஷெட்டுக்குள் நுழைந்தபோது அவள் ஏற்கெனவே அங்கே நின்றாள். தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல சேலை உடுத்தி, அந்த இடது முன்சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். செந்தில்வேல் ஒரு ஓரமாக நின்றான். முதலாளி பேயறைந்தவர் மாதிரி வாசலிலேயே நின்றார். உள்ளே வர அவருக்குத் தைரியம் இல்லை.

"அவிய வந்து உக்காருதாவளா தம்பி?" என்று கேட்டாள் பிளாரன்ஸ். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் சிலுவை பயந்தான்.

அவள் கணக்கு அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. உயிரோடு கொழும்பில் இருக்கிறவன் இங்கே எப்படி வந்து உட்காருவான்? வருகிறான் என்றால் செத்திருக்கிறான். செத்திருந்தால் ஓடவில்லை. ஓடவில்லை என்றால் கள்ளன் இல்லை. பேய் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டு வந்திருக்கிறாள் பாவி மகள். அவனுக்கோ அது ஸ்பிரிங்காகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை வருஷம் கூடப்பிறந்தவனைத் திட்டித் தீர்த்ததற்கு எந்தச் சாமியார் பாவமன்னிப்புக் கொடுப்பார்?

"தள்ளுங்க மைனி" என்று சொல்லி அடியில் நுழைந்தான்.

உள்ளே இருட்டு. வழக்கமாக ஏசுகிற வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. மேலே சீட்டில் அவள் கைவைத்திருக்கிற இடம் தலைக்கு நேராக இருந்தது. கையைத் தூக்கி இடது ஸ்பிரிங்கைத் தடவிப் பார்த்தான். பிறகு வலது. மறுபடியும் இடது. மேலே ஒரு ஆள் உட்கார்ந்தால், அது எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும், பட்டை நிமிர்ந்து தட்டையாகும். இடது பட்டை தட்டையாகவில்லை. வலதைவிட நன்றாக வளைந்து, பாரமே தெரியாமல் இருந்தது. அப்படியிருந்தும் கார் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

வெளியே வந்து முழங்கையைத் துடைத்தான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மைனி, இந்தச் சீட்டுல யாரும் இல்ல."

அவள் அழவில்லை. கையை மட்டும் சீட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள். "அப்ப அவிய எங்க?" என்று கேட்டாள். அதைக் கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. சும்மா, வழி கேட்கிற மாதிரி கேட்டாள்.

சிலுவை மறுபடியும் சக்கரத்தைப் பார்த்தான். ஸ்பிரிங் அமுங்கவில்லை, அச்சு வளையவில்லை, கார் மட்டும் இறங்கியிருக்கிறது. அப்படியானால் இறங்கினது எது? டயரைச் சுற்றி மணலை விரலால் கிளறினான். ஷெட்டின் தரை முழுக்கச் சிப்பி ஓடு இடித்துக் கெட்டித்தது. அந்தச் சக்கரத்தடியில் மட்டும் புதுக் கடற்கரை மணல், விரல் வைத்தால் உள்ளே போயிற்று.

"ஏலே செந்திலு, இங்கன மண்ணு போட்டது யாரு?"

செந்தில்வேல் தலையைச் சொறிந்தான். ஆடி மாதத்திலிருந்து அந்த இடத்தில் குழி விழுகிறதாம். பெருச்சாளி வேலை என்று நினைத்தானாம். முதலாளி பார்த்தால் ஏசுவார் என்று பகலில் காரை வெளியே எடுத்ததும் மணல் போட்டு மட்டமாக மிதித்து வைத்துவிடுவானாம். அவன் மிதித்து வைத்ததால்தான் குழியை ஒருத்தரும் பார்க்கவில்லை. கார் ஏறி நின்றால் ராத்திரியில் மணல் மெள்ள இறங்கிவிடும்.

எத்தனை கூடை மணல் போட்டிருப்பாய் என்று சிலுவை கேட்டான்.

"கணக்கு தெரியல மேஸ்திரி. போடப் போட உள்ள போயிக்கிட்டே இருக்கு."

அதைச் சொல்லும்போது அவனுக்கே பயம் வந்துவிட்டது. சிலுவையும் செந்தில்வேலும் பிளாரன்ஸுமாகக் காரை வெளியே தள்ளினார்கள். சிலுவை ஒரு வாளித் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றினான். தேங்கவில்லை. ஓடவுமில்லை. தரைக்குள்ளிருந்து யாரோ தாகத்தோடு குடிப்பதுபோல் மடக் மடக்கென்று சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

சிலுவை வாசல் பக்கம் திரும்பி, ஷெட் கட்டுவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று முதலாளியிடம் கேட்டான். கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. முதலாளிக்கும் தெரிந்துவிட்டது. வாசலிலிருந்தே சொன்னார்.

"குண்டு போடுவான்னு... பதுங்குகுழி வெட்டுனோம்லா. மழையில வாசல் சரிஞ்சு கெடந்துச்சு. மேல சிப்பியக் கொட்டி மூடச் சொன்னேன். உள்ள பாக்கலியே சிலுவ. யாருமே உள்ள பாக்கலியே!"

பிளாரன்ஸ் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

தோண்டினார்கள். ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே பனந்தடிகள் வந்தன. குழிக்குக் கூரையாகப் போட்டவை. உப்பு ஈரத்தில் உளுத்து, ஒன்று நடுவில் முறிந்திருந்தது. அந்த முறிவு வழியாகத்தான் செந்தில்வேலின் மணலெல்லாம் உள்ளே போயிருந்தது. தடியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து அடைபட்ட காற்று வந்தது. சிலுவையே இறங்கினான், வேறு யாரையும் விடவில்லை.

மணலைக் கையால் தள்ளினான். மூலையில் சுவரில் சாய்ந்தபடி இனிகோ உட்கார்ந்திருந்தான். எலும்புதான். மடியில் இரும்புப்பெட்டி. பெட்டியில் பூட்டு அப்படியே இருந்தது. கை எலும்பு இரண்டும் பெட்டியைச் சுற்றிக் கிடந்தன, அவற்றின் நடுவில் செபமாலையின் பித்தளைச் சிலுவை. குண்டு வருகிறதென்று அபாயச் சங்கு ஊதியதைக் கேட்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறான். அந்த மழையில் வாசல் சரிந்துவிட்டது. எத்தனை நேரம் கூப்பிட்டிருப்பான்? ஊரில் யார் இருந்தார்கள் கேட்க? சிலுவை அந்தக் குழிக்குள்ளேயே அண்ணனின் கால்மாட்டில் மண்டியிட்டு, இத்தனை வருஷமாக எடுக்காத பெயரைச் சொல்லிக் கதறினான்.

மேலேயிருந்து பிளாரன்ஸ் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். "எங்கயும் போகல. என் புருசன் எங்கயும் போகல" என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னாள். ஷெட் வாசலில் கூடிவிட்ட அத்தனை பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்து அதையே சொன்னாள். முதலாளி மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் முன்னால் கைகூப்பி நின்றார். அவள் அவரை ஏசவில்லை, பார்க்கவும் இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு முதல்நாள் அடக்கம் வைத்தார்கள். இனிகோவை என் காரில்தான் கொண்டுபோக வேண்டும் என்று முதலாளி பிடிவாதமாக நின்றார். சவப்பெட்டி சின்னதுதான். அதை இடது முன்சீட்டில் வைத்தார்கள். சிலுவை வழக்கப்படி குனிந்து பார்த்தான். கார் ஒரு நூல்கூட இறங்கவில்லை. சங்கு மூட்டையை அலாக்காகத் தூக்குகிற அண்ணன் அத்தனை லேசாகிப் போயிருந்தான். பின்னால் வெள்ளைச் சேலையில் பிளாரன்ஸ் ஏறினாள், முதலாளி ஏறினார், முதலாளியின் மனைவி ஏறினாள், தெருவில் இருந்த வயசான உறவுக்காரிகள் ரெண்டு பேரும் நடக்க முடியாமல் ஏறிக்கொண்டார்கள். இப்போது கார் நன்றாகவே அமுங்கியது. பெட்டியை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள முன்சீட்டில் சிலுவைதான் உட்கார வேண்டும். அவன் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு எடுத்தான்.

"நான் நடந்து வாரேன் மைனி, வண்டி அமுங்குது."

சொன்ன பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது. பின்சீட்டிலிருந்து கை நீண்டு வந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது.

"நீ இறங்காத தம்பி" என்றாள் பிளாரன்ஸ். "ஒருத்தர இறக்கிவிட்டது போதும்."

சிலுவை ஏறி உட்கார்ந்து அண்ணனை மடியில் வைத்துக்கொண்டான். ஸ்பிரிங் தட்டையாகி அச்சில் இடிக்கிற சத்தம் கேட்டது. உடைந்தால் உடையட்டும் என்று செந்தில்வேலிடம் காரை எடுக்கச் சொன்னான்.