காற்றுக்குழாயில் கட்டிய சாமந்தி மாலை

ஒக்கலிபுரத்து ஜெயலட்சுமி பிக்கப் வண்டி ஓட்டுகிறாள். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். லட்சுமம்மா சமைக்கும் கல்யாணச் சாப்பாட்டை மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவள் பிழைப்பு. வண்டிக்குப் பதினான்கு வயது. ஆனாலும் ஞாயிறு தவறாமல், இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் பில்டர் பெட்டியின் நான்கு கிளிப்புகளையும் திறந்து, பில்டரைத் தட்டித் துடைத்து மாட்டிவிட்டுத்தான் அவள் சாப்பிட உட்காருவாள்.

அப்படிப் பார்த்துக்கொண்ட வண்டிதான் ஆகஸ்டு மழையில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் நின்றுபோனது. பானட்டுக்குள் தாழ்வாக இருந்த காற்றுக்குழாய் தண்ணீரை இழுத்துவிட்டது. வரவேற்புச் சாப்பாடு இரண்டு மணி நேரம் தாமதம்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வண்டி பாத்துக்குவேன் ஜெயா" என்றாள் லட்சுமம்மா. கத்தாமல் சொன்னதுதான் உறைத்தது.

மெக்கானிக் கோவிந்தப்பா புதுக் குழாய் ஒன்றைக் முன்கண்ணாடியோரமாகக் கூரை உயரத்துக்கு ஏற்றி, பெரிய பில்டரும் மாட்டிக் கொடுத்தார். குழாயின் வாய் முன்பக்கம் பார்த்துத் திறந்திருந்தது. "அதுக்குக் கம்பி வலை அடுத்த வாரம் போடறேன்மா" என்றார். அதற்குள் ஆயுத பூஜை வந்தது. புதுப் பாகத்துக்குத்தான் முதல் மாலை என்று குழாயின் கழுத்தில் ஜெயலட்சுமி சாமந்தி மாலையைச் சுற்றிக் கட்டினாள். பூஜை மாலையைக் கையால் அவிழ்க்கக் கூடாது, காய்ந்து தானாக விழவேண்டும் என்பது அவர்கள் வண்டி ஸ்டாண்டின் வழக்கம்.

நான்காம் நாள் அத்திபெலேயில் கல்யாணம். பதினொன்றரைக்கு முதல் பந்தி. பின்னால் சாம்பார் அண்டா, சோறு, ஒப்பட்டு என்னும் போளி. பக்கத்து சீட்டில் லட்சுமம்மா.

எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறும்போதே வண்டி இழுக்கவில்லை. மிதித்தால் முனகியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கருப்புப் புகை.

"ஏன்மா, வண்டிக்கு ஆஸ்துமாவா?"

"சரியாயிடும்க்கா."

"போன தடவையும் இதேதான் சொன்னே."

பாலத்தின் மேல் நிறுத்தவும் முடியாது. நல்லா இருந்த வண்டியில் கைவைத்து நாமே கெடுத்துக்கொண்டோமோ என்று ஜெயலட்சுமிக்குத் தோன்றியது. பாலம் இறங்கியதும் ஓரங்கட்டினாள். மணி பத்து ஐம்பது.

கோவிந்தப்பாவுக்குப் போன் போட்டாள்.

"எதையும் கழட்டாதேம்மா, நான் வர்றேன். ஒன் அவர்."

"ஒன் அவர்ல வெறும் இலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க!" என்று லட்சுமம்மா போனைப் பார்த்துக் கத்தினாள்.

ஜெயலட்சுமி பானட்டைத் தூக்கினாள். நான்கு கிளிப்புகள். அவசரத்தில் மூன்றாவது இரண்டு முறை வழுக்கியது. மூடியைத் திறந்தால் உள்ளே மஞ்சள் குவியல். வலையில்லாத குழாய் வழியே வந்த காய்ந்த சாமந்தி இதழ்களும் நாருமாக பில்டரின் முகத்தையே அடைத்துக் கிடந்தன.

லட்சுமம்மா எட்டிப் பார்த்தாள். "பூஜையை உள்ளேயும் பண்ணிட்டியா?"

ஜெயலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. பில்டரைத் தாண்டி ஒரு இதழ் போயிருந்தாலும் இன்ஜினில்தான் போய் விழும். பில்டரைத் தூக்கி, கைக்குட்டையின் வெள்ளை மூலையால் அதன் பின்பக்கத்தைத் துடைத்தாள். வெள்ளையாகவே வந்தது. இன்ஜினுக்குப் போகும் குழாய்க்குள்ளும் விரல் விட்டுத் துடைத்தாள். வெள்ளைதான். அப்போதுதான் மூச்சு விட்டாள்.

இதழ்களை அள்ளி வெளியே போட்டு, தட்டி, மாட்டினாள். மாலையில் பாதி இன்னும் குழாயின் கழுத்தில் இருந்தது. கை அதுவரை போய் நின்றது.

"அவுக்கக் கூடாதுக்கா."

"சாமி சொல்லுச்சா, உங்க ஸ்டாண்டுக்காரங்க சொன்னாங்களா?"

ஜெயலட்சுமி ஒரு கணம் கண்ணை மூடினாள். முடிச்சை அவிழ்த்து, ஒரு பூவும் உதிராமல் மடித்து, டேஷ்போர்டுப் பிள்ளையாரின் காலடியில் வைத்தாள். சாவியைத் திருகினாள். முதலில் ஒரு கருப்புப் புகை. அப்புறம் இல்லை.

மண்டப வாசலில் வண்டி நின்றபோது பதினொன்று இருபத்தாறு. உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்டாக்கள் இறங்கி முடியும்வரை லட்சுமம்மா அவள் பக்கமே திரும்பவில்லை. ஜெயலட்சுமி வண்டியோரமாக, கைக்குட்டையைக் கசக்கியபடி நின்றிருந்தாள்.

கடைசி அண்டாவோடு உள்ளே போகவிருந்த லட்சுமம்மா வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"வியாழக்கிழமை சிவாஜிநகர்ல நிக்காஹ் சாப்பாடு. காலையில ஆறு மணி. அதுக்குள்ள அந்த வலையைப் போட்டுட்டு வா."

திரும்பும் வழியெல்லாம் ஜெயலட்சுமி ரேடியோ போடவில்லை. குழாய் காற்றை இழுக்கும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டினாள்.