அக்கரையில் நின்று திட்டுகிறவள்

ஜப்பானின் ஷிமாந்தோ ஆற்றில் எங்கள் ஊர்ப் பாலத்துக்குக் கைப்பிடி கிடையாது. புயல் மழையில் ஆறு பெருகினால் பாலம் தண்ணீருக்குள் முங்கிவிடும். அடித்து வரும் மரமெல்லாம் அதற்கு மேலே போய்விடும். கைப்பிடி வைத்தால் மரம் சிக்கும், பாலமே பிய்த்துக்கொண்டு போகும். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு ஐயையோ என்பார்கள். கண் தெரிகிறவர்களுக்கு அதில் ஒன்றும் பயமில்லை.

பக்கத்து வீட்டுத் தொகுஜி அண்ணனுக்குத்தான் கண் போய்விட்டது. காலமெல்லாம் அந்த ஆற்றில் அயு மீன் பிடித்த மனுஷன். தேயிலைத் தோட்டம் அக்கரையில். காலையில் போய்ச் செடியைத் தொட்டுப் பார்க்காவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. கையைப் பிடிக்க வந்தவர்களையெல்லாம் உதறிவிட்டார். பாலத்துக்கு மேற்புறம் ஆறு பாறையில் சலசலத்து இறங்கும். கீழ்ப்புறம் பச்சை மடு, சத்தமே இராது. போகும்போது சலசலப்பை இடக்காதில் வைத்துக்கொண்டால் போதும் என்பார். அப்படியே நடந்தும் காட்டினார்.

போன வருஷப் புயலில் மலைச் சரளையெல்லாம் வந்து குவிந்து பாறையை மூடிவிட்டது. வெள்ளம் வடிந்தபோது இரண்டு புறமும் ஒரே அமைதி. மலைகள் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தன. அந்த அழகைத் தூக்கி அடுப்பில் போட! அண்ணன் நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார். வீட்டில் சுவரோரம் உட்கார்ந்தவர் சோற்றைத் தொடவில்லை.

அவர் மனைவி இட்சுயோ கொஞ்ச நாள் பொறுத்தாள். அப்புறம் ஒரு காலை அவரைப் பாலத்து முனையில் நிறுத்திவிட்டு, தான் அக்கரைக்குப் போய், பாலத்துக்கு நேராக நின்று வாயைத் திறந்தாள். கல்யாணத்தன்று சாக்கே என்கிற அரிசிச் சாராயத்தைக் குடித்துவிட்டு மாலையிலேயே அவர் குறட்டை விட்டதில் ஆரம்பித்து, மலை எதிரொலிக்கத் திட்டினாள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் குரலைப் பார்த்து நடந்தார். நேரே அக்கரை.

அன்று முதல் தினமும் அதுதான். விஷயம் தெரியாதவர்கள் என்ன பொம்பளை இவள் என்றார்கள். எனக்கோ, கேட்கும்போதெல்லாம் கண் கலங்கும்.

இந்த வருஷ மழைக்காலம் முடிந்த சமயம். நானும் அக்கரையில் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். அண்ணன் பாதிப் பாலத்தில் வரும்போது இட்சுயோவின் தொண்டை அடைத்துக்கொண்டது. காற்றுதான் வந்தது. அவர் நின்றுவிட்டார். ஒரு கால் விளிம்பைத் தடவியது. இட்சுயோ என் கையைப் பிடித்துப் பிசைந்தாள். எனக்குத் திட்டவும் வரவில்லை, கத்தவும் வரவில்லை.

"அண்ணே, அசையாதீங்க. அண்ணிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, நான் வரேன்" என்றேன் ஒருவழியாக.

"நீ எதுக்கு? அங்கயே நில்லு" என்றார். தலையைச் சற்றுச் சாய்த்தார். பிறகு கோடு போட்டதுபோல நேராக நடந்து வந்து சேர்ந்தார்.

அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. மழை வெள்ளம் சரளையை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. மேற்புறம் ஆறு பழையபடி சலசலத்துக்கொண்டிருந்தது. இவள் போட்ட சத்தத்தில் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

"எப்பலேருந்துய்யா கேக்குது?" என்றாள் இட்சுயோ, காற்றுக் குரலில்.

"மழைக்காலத்து முதல் வெள்ளம் வடிஞ்சதிலேருந்து."

"சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ நிறுத்திடுவியே."

அவள் அவர் சட்டையில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை அக்கரையில் போய் நின்றாள். தொண்டை இன்னும் சரியாகவில்லை. கரகரத்த குரலில், சாக்கே குடித்த கதையிலிருந்தே ஆரம்பித்தாள்.