மாடி வீட்டு லீஸ் பணம்

மாநில பட்ஜெட் வாசிக்கிற நாளில் எனக்கு ரத்தம் கொதிக்கும். பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து, கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேசுவேன். பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்குகிறார்கள், என் குடும்பத்தை நான் இப்படி நடத்தியிருந்தால் ஊர் சிரித்திருக்கும் என்பேன். யாரிடமும் கை நீட்டாதவன் என்று எனக்கு அப்படியொரு கர்வம். டீக்கடைக்காரர் தலையாட்டுவார். தினமும் மூன்று டீ குடிக்கிறவனிடம் அவர் வேறென்ன சொல்ல முடியும்?

மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கீழ்வீட்டில் நான் மட்டும். மாடியில் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஒரு குடும்பம், கணவன், மனைவி, ஏழு வயது மகள். மாத வாடகை கிடையாது, லீஸ். எட்டு லட்சத்தை மொத்தமாக என்னிடம் கொடுத்துவிட்டுக் குடிவந்தார்கள். காலி செய்யும்போது நான் அதை அப்படியே திருப்பித் தரவேண்டும். அந்தப் பணத்தில் பாதி, முன்பு குடியிருந்தவர்களின் லீஸைத் திருப்பப் போனது. மீதி மனைவியின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு. இதைக் கடன் என்று நான் நினைத்ததே இல்லை. பெங்களூரில் சொந்த வீடு வைத்திருக்கிற என் போன்றவர்கள் யாரும் நினைப்பதில்லை.

போன பட்ஜெட் முடிந்த வாரம் மாடி வீட்டுப் பெண் இறங்கி வந்தாள்.

"அங்கிள், அவருக்கு ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலை மாறிடுச்சு. பாப்பாவுக்கும் அங்கயே ஸ்கூல் பாத்துட்டோம். மே மாசம் காலி பண்ணிடலாம்னு இருக்கோம். பணம் ரெடி பண்ணிடுங்க."

சரிம்மா என்றேன். அவள் போனதும் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். ஐம்பதாயிரம்கூடத் தேறவில்லை. நான் திட்டித் தீர்த்த அரசாங்கத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. வழி ஒன்றுதான், புதிதாக லீஸுக்கு ஆள் பிடிக்க வேண்டும்.

ஆள் கிடைக்காமலில்லை. புரோக்கர் ஒரு இளம் தம்பதியைக் கூட்டி வந்தார். ஒன்பது லட்சம் கையில் தயாராக வைத்திருந்தார்கள். மேலே அந்தக் குழந்தை கட்டிலிலிருந்து தரைக்குக் குதிக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் சரியாக வராது, டேங்க்கும் ஒழுகுகிறது என்று அவர்களிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டும் பொய். அடுத்து வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். பணம் தராதவரை மாடி வீட்டார் போக முடியாது. கடன்பட்டவன் நான், கட்டிப்போட்டதோ அவர்களை.

மே முடிந்தது. அந்தக் கணவன் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் மேலிருந்து வரும் குழம்பும் நின்றது. யாரை இழக்கக்கூடாது என்று இவ்வளவும் செய்தேனோ அவர்கள் தலைக்கு மேலேயே இருந்தார்கள், நான் மட்டும் தனியாகிவிட்டேன்.

ஒருநாள் அவன் மனைவி வந்து வாசலிலேயே நின்றாள்.

"தண்ணி வராதுன்னு சொன்னீங்களாமே அங்கிள். புரோக்கர் சொன்னாரு."

உள்ளே வந்து உட்காரும்மா என்றேன். அவள் நகரவில்லை.

"நீங்க பணத்துக்காகச் செய்யலன்னு எனக்குத் தெரியும். ஆனா உங்களுக்குத் துணை வேணும்னு எங்க பணத்த புடிச்சு வெச்சுக்கலாமா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மறுநாளே புரோக்கருக்குப் போன் செய்து அந்தத் தம்பதியை வரச்சொன்னேன்.

அவர்களுடைய பணம் வந்த அன்றே எட்டு லட்சத்தையும் மாடி வீட்டுப் பெண்ணின் கணக்குக்கு மாற்றினேன். அடுத்த ஞாயிறு சாமான் ஏற்றிய டெம்போ கிளம்பியது. அவள் சாவியை என் கையில் கொடுத்து, "வரோம் அங்கிள், உடம்பப் பாத்துக்கங்க" என்றாள். தலையாட்டினேன். பணத்தை இன்னும் ஒரு மாதம் இழுத்தடித்திருக்கலாமே என்று அப்போதும் தோன்றியது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் தோன்றியது.